வெள்ளவத்தையிலிருந்து உறைபனிக்கு

ஜனவரி 23, வியாழன்: மேலே ஏறுதல்

விடிய நாலு மணிக்கு வெள்ளவத்தையில் வியர்வை வழிய வழியச் சாமான்களை வாகனத்தில் ஏற்றினோம். ஆளுக்கு இரண்டு சுவெட்டர், கம்பளித் தொப்பி, தடித்த மேசு, அம்மாவின் கொத்தமல்லித் தண்ணீர்ப் போத்தல். எதிர்வீட்டுக் காவல்காரர் அந்தக் கம்பளி மூட்டையைப் பார்த்துவிட்டு, “நுவரெலியாவா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாளாகவே மாலைச் செய்தியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது: நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில் அதிகாலையில் துகள் உறைபனி ஏற்படக்கூடும். மகனுக்கு ஒன்பது வயது. இலங்கையில் நிலத்தில் ஐஸ் கிடக்கும் என்பதை அவன் நம்பவே இல்லை. அம்மாதான், “நான் கண்ணால கண்டனான். கந்தப்பளையில படிப்பிக்கேக்க பள்ளிக்கூடத்து முத்தம் முழுக்க வெள்ளையாக் கிடக்கும்” என்றா. அந்த வார்த்தைக்குப் பிறகு பயணத்தை யாராலும் தள்ளிப்போட முடியவில்லை.

ஹைலெவல் வீதியில் அந்த நேரத்தில் மரக்கறி லொறிகளும் மீன் கூலர்களும்தான். அவிசாவளையைத் தாண்டி ஏ-7 வீதியில் திரும்பியதும் இறப்பர் மரங்களின் இருட்டு. கித்துல்கலவில் விடிந்தது. களனி கங்கை கீழே கல்லுக்கு மேல் கல்லாக ஓடிக்கொண்டிருக்க, ஆற்றுப் பக்கம் பார்த்த சின்னக் கடையொன்றில் இஞ்சி போட்ட பிளேன்டீ, கடிக்க ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. ஒரு கோப்பை 70 ரூபாய். கருப்பட்டிக்குக் காசு வாங்கவில்லை. கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் வராது, எங்கள் அம்மாவுக்குச் சிங்களம் பாதிதான் வரும். ஆனாலும் இருவரும் முழங்கால் வலியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள்.

அதற்கு மேல்தான் ஏற்றம். வளைவுக்கு வளைவு காது அடைத்தது. கினிகத்தேனைக்குக் கீழே மகன் சத்தி எடுத்துவிட்டான். நாங்கள் ஓரங்கட்டி நின்றபோது எதிரே வந்த யாத்திரிகர் பஸ்ஸும் நின்றது. சிவனொளிபாதமலைப் பருவம். பஸ்ஸின் முகப்பில் கமுகம்பூ கட்டியிருந்தது. உள்ளேயிருந்து வெள்ளை உடுத்த ஒரு பெண் இறங்கி வந்து, பாதி வெட்டிய தேசிக்காயையும் ஒரு போத்தல் தண்ணீரையும் தந்தார். மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் இந்த வீதி இரவும் பகலும் இப்படி ஆட்களோடுதான் இருக்கும். 2,243 மீற்றர் மலையை இருட்டில் ஏறிவிட்டு, தூக்கம் இல்லாமல் திரும்பிப் போகிறவர்கள். அந்தக் களைப்பிலும் ஒரு பிள்ளைக்காக பஸ்ஸை நிறுத்தினார்களே என்பது எனக்கு நாள் முழுக்க மனதில் நின்றது.

கினிகத்தேனையில் மூட்டம் வாகனத்தின் மூக்குவரை வந்து நின்றது. முன்னால் போகும் லொறியின் சிவப்பு விளக்கு மட்டுமே வழி. அட்டனில் நின்று சாப்பிட்டோம்: தேங்காய் ரொட்டி, கட்டசம்பல், பருப்பு. நான்கு பேருக்கும் தேத்தண்ணியோடு 1,480 ரூபாய். ரொட்டி தட்டுகிற தம்பி, “கொழும்பா? இன்னிக்கு மேல மேகம். நாளைக்கும் பாக்குறது கஷ்டம்” என்றார். அவர் சொன்னதை அப்போது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தலவாக்கலைக்கு முன் டெவன் நீர்வீழ்ச்சி எதிர்மலையில் ஒல்லியாகத் தெரிந்தது. சென் கிளயர் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் குறைவு. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு, அதன் அகலம் முழுக்கத் தண்ணீர் விழுவதை எப்போதும் பார்க்கக் கிடைப்பதில்லை. அம்மா நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இரைச்சல் இந்த வளைவு மட்டும் கேக்கும் முந்தி” என்றா.

நானுஓயாவுக்குக் கிட்ட ரதல்லை குறுக்கு வீதியை நாங்கள் எடுக்கவில்லை. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்தது அந்த இறக்கத்தில்தான். சுற்று என்றாலும் பெரிய வீதியே நல்லது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தொலைபேசி வரைபடம் அந்தக் குறுக்கு வழியையே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

பதினொன்றரைக்கு ஊர் வந்தது. பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாடியில் வெந்நீர் இல்லாத ஓர் அறையைக் காட்டினார்கள். விலையும் கூட. அம்மாவால் அவ்வளவு படி ஏற முடியாது என்று சொல்லியும் பலனில்லை. முற்பணத்தைத் திருப்பி வாங்க ஒரு மணித்தியாலம் போனது. வெளியே தூறல், குளிர் காலுக்குள் ஏறுகிறது. அப்போது எதிர்க்கடையில் நின்ற ஒருவர், “வாவிக்கு அங்கிட்டு ஒரு வீடு இருக்கு, ரெண்டு ரூம் குடுப்பாங்க” என்று தானே தொலைபேசியில் பேசி, முச்சக்கர வண்டியை முன்னால் விட்டு வழி காட்டினார். காசு நீட்டினோம், வாங்கவில்லை.

அந்த வீட்டுக்காரர் எழுபதைத் தொட்ட சிங்கள ஐயா. முப்பது வருடம் மரக்கறி லொறி ஓட்டியவர். மெனிங் சந்தை புறக்கோட்டையில் இருந்த காலத்தில் வாரத்துக்கு நாலு தடவை கொழும்புக்கு வந்திருக்கிறார். தமிழ் தண்ணீர் பட்ட பாடு. “தமிழ் தெரியாம இங்க லீக்ஸ் ஏத்த முடியாதுங்களே” என்றார். இரண்டு அறை, ஒரு இரவுக்கு 9,000. கட்டிலில் மும்மூன்று கம்பளி.

ஜனவரி 24, வெள்ளி: மேகம்

ஐந்து மணிக்கு எழும்பி ஜன்னலைத் திறந்தோம். கறுப்பு மேகம், ஈரக்காற்று, ஒன்றும் விழவில்லை. மகனின் முகம் சுருங்கிவிட்டது. ஐயா அடுப்படியில் இருந்தபடி விளங்கப்படுத்தினார். மேகம் இருந்தால் அது நிலத்துக்குப் போர்வை, பகலில் வாங்கிய சூடு வெளியே போகாது. காற்று அடித்தாலும் விழாது. வானம் வெட்டவெளியாக இருந்து, காற்று நின்று, குளிர் கீழே இறங்கிப் பள்ளத்தில் தங்கினால்தான் புல்லில் உறையும். அதனால் மேட்டில் நாலு டிகிரி இருக்கும்போதே பள்ளத்துப் புல் பூச்சியத்துக்குப் போய்விடும். “ஊருக்குள்ள நிப்பாட்டிக்கிட்டு பனி எங்கன்னு கேப்பாங்க. பனி பள்ளத்துல இருக்கும்” என்றார்.

எனவே அன்று ஊர் பார்த்தோம். ஆளுநர் வில்லியம் கிரெகரி 1873இல் கட்டுவித்த வாவியைச் சுற்றி நடை, வாவிக்கரையில் அவித்த சோளம் 150 ரூபாய். சிவப்புச் செங்கல் தபாலகத்தில், 1894ஆம் ஆண்டுக் கட்டடம் அது, மகன் தனக்குத் தானே ஒரு தபாலட்டை எழுதிப் போட்டான். சீத்தாஎலிய அம்மன் கோயிலில் ஓடைத்தண்ணீரில் கால் வைத்தோம், விறைத்துப்போனது. உறைபனி விழாத நாளிலும் அந்தத் தண்ணீரில் ஒரு நிமிடம் நிற்க முடியாது.

உடுப்புக் கடைத் தெருவில் ஜாக்கெட்டுகள் மலைபோல் தொங்கின. முதலில் 3,500 சொன்ன கடைக்காரர், அம்மா “தம்பி, நான் இஞ்ச படிப்பிச்சனான்” என்றதும் எழுந்து நின்று, “டீச்சரா?” என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். ஜாக்கெட் 2,200க்கு வந்தது. மலையகத்தில் ஆசிரியர் என்ற சொல்லுக்கு இன்றைக்கும் இருக்கிற மரியாதையைக் கொழும்பில் நான் கண்டதில்லை. ஸ்ட்ரோபெரி சின்னப் பெட்டி 500. பார்வைக்குத்தான் அழகு, புளிப்பு.

பிற்பகல் மூன்று மணிக்கு மழை. ஐந்து மணிக்கு மழை விட்டது, காற்றும் விட்டது. இரவு எட்டு மணிக்கு ஐயா எங்களை முற்றத்துக்குக் கூப்பிட்டார். பீதுருதாலகால மலையின் தலையில் இருந்த சிவப்பு விளக்குகள் துலக்கமாகத் தெரிந்தன. அதற்கு மேலே வானம் நிறைய வெள்ளி. “நாளைக்கு விழும். அஞ்சரைக்கு ரெடியா இருங்க. மீப்பிலிமானைப் பக்கம் போங்க, நான் ஒரு ஆளுக்குச் சொல்றேன்.”

ஜனவரி 25, சனி: உறைபனி

கதவைத் திறந்ததும் மூக்கின் உள்பக்கம் எரிந்தது. எங்கள் வாகனத்தின் கூரையும் முன்கண்ணாடியும் வெள்ளையாக இருந்தன. மகன் விரலால் தன் பெயரை எழுதினான், நகத்தில் சுரண்ட ஐஸ் துகள் வந்தது. “அம்மா, ஃப்ரீசருக்குள்ள வளருமே, அதே மாதிரி!” என்று கத்தினான், பக்கத்து வீட்டு நாயெல்லாம் குரைத்தது. இவர், என் கணவர், வெந்நீரை எடுத்துக்கொண்டு வர, ஐயா ஓடிவந்து கேத்தலைப் பிடித்தார். சுடுதண்ணி பட்டால் கண்ணாடி வெடிக்கும், பைப் தண்ணி போதும் என்றார். குழாயில் வந்த தண்ணீரை ஊற்றி, ஒரு பிளாஸ்டிக் அட்டையால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டார்.

மீப்பிலிமானைக்குப் போகும் வீதி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது. ஏறுகிற இடமெல்லாம் புல் பச்சை. இறங்குகிற ஒவ்வொரு பள்ளத்திலும் வெள்ளை. ஐயா சொன்னது கண் முன்னால் அப்படியே இருந்தது. ஓடைக்குப் பக்கத்து மரக்கறித் தோட்டம் ஒன்றின் வாசலில், தலையில் துவாய் கட்டிய ஒருவர் டோர்ச் அடித்து எங்களை நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும்.

“வாங்க டீச்சரம்மா. வரப்புல வாங்க. பாத்தியில மட்டும் கால் வைக்காதீங்க, இப்ப இலை ஒடிஞ்சா அப்புறம் எழும்பாது.”

ஆறேகால் இருக்கும். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, வெயில் வரவில்லை. நான் வரப்பில் குந்தி இருந்து ஒரே ஒரு மூவிலைப் புல்லைப் பார்த்தேன். இலையின் நடுவில் பச்சை அப்படியே இருக்க, விளிம்பைச் சுற்றி மட்டும் ஊசி ஊசியாகப் பளிங்கு நின்றது. ஒவ்வொரு ஊசியும் ஒரு நூல் பருமன் கூட இல்லை. மூச்சு விட்டேன், மூச்சுப் பட்ட பக்கம் ஊசிகள் சாய்ந்து தண்ணீராகின. பக்கத்தில் லீக்ஸ் இலையில் அது மாவாகப் படிந்திருந்தது. வேலிக் கம்பியில் ஒரு சிலந்தி வலை தடித்த நூலாகிவிட்டிருந்தது. எங்கள் நான்கு பேரில் யாரும் பேசவில்லை. அம்மா குனிந்து ஒரு பிடி புல்லைக் கையில் அள்ளி, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தா.

அந்த நேரம் முழுக்க அந்த அண்ணன் நிற்கவே இல்லை. குழாயை இழுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாக ஓடினார். அவருடைய மனைவியும் ஒரு பொடியனும் பூவாளி வாளிகளோடு மற்றப் பக்கம். வெயில் விழுவதற்கு முன் உறைபனியைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உறைந்த இலையில் நேரே வெயில் பட்டால் மத்தியானத்துக்குள் கருகிவிடும். கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஓரளவு தாங்கும், உருளைக்கிழங்கு தாங்காது. அவர் அந்தக் கீழ்ப்பாத்திகளில்தான் கிழங்கு போட்டிருந்தார். விதைக்கிழங்கும் உரமும் கடனுக்கு எடுத்தது என்று போகிற போக்கில் சொன்னார், முறைப்பாடாகச் சொல்லவில்லை. இவர் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு வாளியை எடுத்தார். நானும் எடுத்தேன். ஓடையில் மொண்டு மொண்டு ஊற்றியதில் பத்து நிமிடத்தில் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டன. அவர்கள் மூவரும் வெறுங்கையோடுதான் செய்தார்கள்.

வீதியில் இதற்குள் ஏழெட்டு வாகனம் வந்துவிட்டது. ஆட்கள் இறங்கி, அடுத்த தோட்டத்தின் வேலியைத் தாண்டிப் பாத்திக்குள் நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் லீக்ஸ் மேலேயே உட்கார்ந்தார். எனக்கு மிகவும் கோபம் வந்தது. அது ஒரு குடும்பத்தின் மூன்று மாதச் சாப்பாடு. உறைபனி பார்க்கப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு கெஞ்சல்தான் இருக்கிறது: வீதியோரப் புல்லே போதும், அதிலும் இதே பளிங்குதான் விழுகிறது. தோட்டத்துக்குள் இறங்க வேண்டுமென்றால் தோட்டக்காரரைக் கேளுங்கள். அவர்கள் மறுப்பதில்லை, எங்கே நிற்கலாம் என்று காட்டுவார்கள்.

ஏழு மணிக்குக் கிழக்கு மலையைத் தாண்டி வெயில் விழுந்தது. விழுந்த கோடு வரைக்கும் வெள்ளை மறைந்து, புல்லிலிருந்து புகை எழும்பியது. கோடு நகர நகரப் புகையும் நகர்ந்தது. கால் மணித்தியாலத்தில் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் பச்சை. கீழ்ப்பாத்திகள் இரண்டுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை.

தோட்டக்கார அக்கா எங்களை வீட்டுக்குள் கூட்டிப்போனார். விறகடுப்புக்கு முன்னால் இருக்கச் சொல்லி, சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணியும், சுடச்சுட ரொட்டியும், பச்சைமிளகாய் இடித்த சம்பலும் தந்தார். அந்தச் சம்பலுக்கு நான் பயணம் முழுவதிலும் சாப்பிட்ட எதுவும் கிட்ட வராது. அம்மா கந்தப்பளைக் கதை பேச, அக்காவின் மாமியார் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் என்று தெரியவந்தது. பிறகு பேச்சு நிற்கவில்லை.

தோட்டத்துக்கு மேலே தேயிலை. கொழுந்துப் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கம்பளி போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே மலையில் நின்றார்கள். ஓடைப் பக்கத்து வரிசைகள் மட்டும் அடுப்பில் காட்டி எடுத்தது போலச் செம்பழுப்பு. போன வாரம் விழுந்த பனியின் வேலை அது. அந்தச் செடிகள் மறுபடி கொழுந்து விடக் கிழமைக்கணக்காகும் என்று ஓர் அக்கா சொன்னார். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆக்கப்பட்டது உண்மை. ஆனால் தோட்டம் கேட்கிற கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் போடுவார்கள், அன்றைய உழைப்புக்குப் பாதிச் சம்பளம். பனி கருக்கியது என்று காரணம் சொன்னாலும் தராசு கேட்காது என்றார். அந்தச் சம்பளத்தைக் கிலோக்கணக்கில் கட்டிப்போடுவது நியாயமில்லை. குளிர்மாதத்துக்கு வேறு கணக்கு வைக்க வேண்டும். இதை நான் அந்த மலையில் நின்றுகொண்டே நினைத்தேன், இப்போதும் அதேதான் நினைக்கிறேன்.

அங்கிருந்து பட்டிப்பொல புகையிரத நிலையத்தைப் பார்த்துக்கொண்டு ஹோட்டன் சமவெளிக்கு ஏறினோம். இலங்கையிலேயே உயரத்தில் இருக்கும் நிலையம் அது, 1,897 மீற்றருக்கு மேல். சமவெளி வாசலில் பைகளைத் திறந்து பார்த்து, பிஸ்கட் உறைகளைக் கழற்றிக் காகிதத்தில் மாற்றித் தந்தார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலையும் உரித்தார்கள். கண்டிப்பு, ஆனால் சிரித்த முகம். உலக முடிவுக்கு நடந்து சுற்றிவர ஒன்பது கிலோமீற்றர், அதுவும் ஒன்பது மணி தாண்டினால் பள்ளத்தாக்கு மேகத்தால் மூடிவிடும். அம்மாவோடு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். தரிப்பிடத்திலேயே மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நிழல் விழுந்த ஓரிரு மூலைகளில் பத்து மணிக்கும் புல் வெள்ளையாகவே கிடந்தது.

ஜனவரி 26, ஞாயிறு: இறக்கம்

காலையில் ஐயாவின் மனைவி கிரிபத் என்ற பாற்சோறும் லுணுமிரிஸ் என்ற மிளகாய்ச் சம்பலும் செய்து வைத்திருந்தார். கணக்கில் சேர்க்கவில்லை. அன்றும் உறைபனி விழுந்ததாம். மீப்பிலிமானை அண்ணனிடம் மரக்கறி வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்: கரட், லீக்ஸ், பீட்ரூட், நாலைந்து கோவா. விலை கேட்டதற்கு “டீச்சரம்மா குடுக்குறதைக் குடுங்க” என்றார். அம்மா கொழும்பு விலையைக் கணக்குப் போட்டு 4,000 கொடுத்தா. அவர் ஆயிரத்தைத் திருப்பித் தர, அம்மா வாங்க மறுக்க, கடைசியில் அது பொடியனின் சட்டைப்பைக்குள் போனது. தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வாங்கிக்கொண்டா.

திரும்பும்போது லபுக்கலை, இறம்பொடை வழி. வளைவுகள் முடிவதில்லை. இறம்பொடைக்கு மேலே பிரேக் கருகும் வாடை வந்தது. மரக்கறி ஏற்றிய லொறிக்காரர் ஒருவர் ஹோர்ன் அடித்து நிறுத்தி, இறங்கி வந்து சில்லைப் பார்த்தார். “அரை மணித்தியாலம் ஆற விடுங்க. தண்ணி ஊத்திடாதீங்க. அப்புறம் சின்ன கியர்லயே இறக்குங்க, பிரேக்கை நம்பாதீங்க.” நாங்கள் கம்பளை போய்ச் சேரும்வரை அவர் முன்னால் மெதுவாகவே ஓட்டினார். அவசரமாகச் சந்தைக்குப் போக வேண்டிய லொறி அது.

கடுகண்ணாவைக்குக் கீழே சுவெட்டரைக் கழற்றினோம். நிட்டம்புவவில் ஏசி. வீட்டுக்கு வர இரவு எட்டு. நானும் இவரும் அடுத்த நாள் முழுக்கப் படுத்தே கிடந்தோம், இடுப்பு இன்னும் நேராகவில்லை.

செவ்வாய் பின்னேரம் அம்மா அந்த அண்ணனுக்கு எடுத்தா. சத்தத்தைக் கூட்டி வைத்ததால் எங்களுக்கும் கேட்டது. தண்ணீர் போகாத இரண்டு பாத்தியும் கறுத்துவிட்டனவாம். மற்றவை நிற்கின்றன. கருகிய பாத்திகளில் கிழங்கு இன்னும் கோலிக்குண்டு அளவுதான், வெட்டிப் புரட்டிவிட்டு கரட் விதைக்கப் போகிறாராம். வானம் இரண்டு நாளாக மேகமாக இருக்கிறது, அதனால் ராத்திரியில் தூங்குகிறோம் என்றார்.